நாற்பத்து மூன்றாவது டிப்ஸ்

பொறாமையைப் பற்றி நம் வயதுக்காரர்கள் யாரும் பேசுவதில்லை. முட்டி வலியைப் பற்றிப் பேசுகிறோம், சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறோம், வெள்ளெழுத்து வந்து செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிப்பதைச் சொல்லிச் சிரித்துக்கொள்கிறோம். பொறாமை மட்டும் ஏதோ சின்ன வயதில் வந்து போன அம்மை போல, அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எனக்கு அது போகவில்லை. அதனால் நான் சொல்கிறேன், நீங்கள் கேளுங்கள்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் எனக்கு போன் மேல் போன் வரும். பிள்ளைக்குக் காலேஜ் கிடைத்துவிட்டது, நாற்பதாயிரத்துக்குள் எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்பார்கள். இருபது வருஷத்துக்கு மேல் கம்ப்யூட்டரோடு மாரடித்தவள் என்பதால் கேட்கிறார்கள். நானும் சலிக்காமல் சொல்வேன். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களைப் பார்த்து மயங்காதீர்கள். ரேம் எட்டு போதும் என்று கடையில் சொன்னால், பிற்பாடு கூட்டிக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க் உள்ளதை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம், எஸ்எஸ்டி உள்ளதாகப் பாருங்கள். கடையிலேயே நின்று நாலு வரி தட்டிப் பாருங்கள், விசை பிடிக்கவில்லை என்றால் நாலு வருஷம் பிடிக்காது. வீட்டுக்கு வந்ததும் மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள், அடியில் காற்றுப் போகாமல் சூடாகிவிடும். முக்கியமான எதையும் இன்னோர் இடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

இதெல்லாம் உண்மையான ஆலோசனைகள். கேட்டவர்கள் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் இந்த விஷயத்தில் நான் வாழ்க்கையில் சொன்ன முதல் ஆலோசனை பொய். அப்போது எனக்குப் பதினான்கு வயது. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு காலனியில் இருந்தோம். அப்பா நகரத்துக்குள் ஓர் அலுவலகத்தில் கிளார்க். காலையில் சைக்கிளைத் தாம்பரம் ஸ்டேஷனில் போட்டுவிட்டு மின்சார ரயில் பிடிப்பார். எங்கள் வீட்டு வருமானம் தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் தெருவில் பாதிப் பேருக்கு அதே வருமானம்தான். எதிர்வீடு மட்டும் வேறு. அவர்கள் அந்த ஊரின் பழைய குடும்பம். நாங்கள் குடியிருந்த மனை, பக்கத்து மனை, பிள்ளையார் கோயில் வரைக்கும் ஒரு காலத்தில் அவர்களுடைய நெல் வயல். அதையெல்லாம் விற்றுவிட்டு எதிர்வீட்டு அங்கிள் கேம்ப் ரோட்டில் சிமெண்டும் கம்பியும் விற்கும் கடை வைத்திருந்தார்.

அவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் படிப்பு இருக்கிறது என்று அப்பா ஒரு பங்கு பிரித்து வைத்திருந்தார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி இருக்கும். எதிர்வீட்டு அங்கிளும் அந்தப் பங்கை அப்படியே ஒப்புக்கொண்டவர். பாங்கிலிருந்து ஏதாவது தபால் வந்தால் அப்பாவிடம்தான் கொண்டுவந்து காட்டுவார், செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வருவார். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அப்போது பெருமையாக இருந்தது.

அவருடைய ஒரே மகள் என் வகுப்பு. பள்ளியில் என் பக்கத்து இடம். ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே பஸ்ஸில் வருவோம். தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரை நான்தான் படித்துச் சொல்வேன். கரும்பலகையில் எழுதிப் போடுவதை அவள் என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள். இது எட்டாவதிலிருந்தே நடந்துவந்தது. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. சில பேர் இடது கையால் எழுதுவது போல, அவள் என் நோட்டைப் பார்த்து எழுதுவாள், அவ்வளவுதான்.

ஒன்பதாவது முழுப் பரீட்சை முடிந்த வாரம் அவர்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சிமெண்டு மூட்டை ஏற்றும் அதே டெம்போவில்தான் வந்தது. நாலு அட்டைப் பெட்டிகள். ராகுகாலம் முடியட்டும் என்று ஒன்றரை மணி நேரம் வெயிலில் டெம்போவை நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்புறம் உள்ளே கொண்டுபோய், தனி அறையில், புது மேஜை மேல் வைத்து, மானிட்டரின் நெற்றியில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார்கள். புது வண்டிக்குச் செய்வது போல மேஜையின் நாலு கால்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார் அங்கிள். மேஜை நகராதே. அதனால் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கி இறக்கி நசுக்கினார்கள். அந்த அறையில் அதற்கப்புறம் ஒரு மாதம் எறும்பு.

எங்கள் வீட்டு மாடிப்படியில் நின்று நாங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா சொன்னார், அவங்களுக்கு எதுக்கும்மா இது, டி.வி.ன்னு நினைச்சு வாங்கியிருப்பாரு என்று. அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்கு வயிறு எரிந்தது. இது ஒரு பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே நெஞ்சுக்குக் கீழே சுருக்கென்று இருந்தது. அம்மா இரவு மோர் கொடுத்தாள்.

ஏன் எரிந்தது என்றால், அப்பாவின் கணக்குப்படி அந்தப் பெட்டி எங்கள் பங்கில் வரவேண்டிய சாமான். அதற்கு நான் தயாராகவே இருந்தேன். செய்தித்தாளோடு வாரம் ஒருமுறை வரும் இணைப்பில் ‘கம்ப்யூட்டர் டிப்ஸ்’ என்று ஒரு சின்னக் கட்டம் வரும். ஒன்று விடாமல் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். சிவப்பு மையில் நம்பர், நீல மையில் டிப்ஸ். நேரடியாக ஸ்விட்சை அணைக்காதீர்கள். மவுஸின் அடியில் உள்ள உருண்டையை வாரம் ஒருமுறை கழற்றித் துடையுங்கள். ஃபிளாப்பியைக் காந்தத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள். நாற்பத்திரண்டு டிப்ஸ் இருந்தது. மவுஸ் என்ற பொருளை நான் கண்ணால் பார்க்கும் முன்பே அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவளாக இருந்தேன்.

எதிர்வீட்டில் அந்த அறைக்குள் போவதற்குக் கால் கழுவ வேண்டும். ஜன்னல் திரைச்சீலையில் மிஞ்சிய துணியில் ஆன்ட்டி, அதாவது அவளுடைய அம்மா, மானிட்டருக்கு ஒன்று, சிபியுவுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று என்று உறை தைத்திருந்தார். உறையை எடுத்ததும் புது பிளாஸ்டிக்கும் சந்தனமும் கலந்த ஒரு வாசனை வரும். ஆன் செய்தால் மானிட்டரின் கண்ணாடியில் மெல்லிசாக ஒரு சடசடப்பு எழும், கையைக் கிட்டே கொண்டுபோனால் முன்கை மயிர் எழுந்து நிற்கும். அவளுக்குச் சுழலும் நாற்காலி, பாலிதீன் உறைகூடப் பிரிக்காதது. எனக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

அவள் என்னை ஓரங்கட்டினாள் என்று சொன்னால் பொய். ஒருநாளும் இல்லை. நான் போனதும் எழுந்துகொள்வாள், நீ உக்காரு என்று நாற்காலியைத் தள்ளிவிடுவாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொடுப்பதற்கு அது அவளுடையதாக இருந்ததே. பத்து நிமிஷம் சீட்டு விளையாடிவிட்டு, போதும் என்று பெரிய மனுஷி போல எழுந்துவிடுவேன். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அவள் கையைப் பார்ப்பேன்.

அவள் விளையாடமாட்டாள். வரைவாள். படம் வரையும் செயலி ஒன்று அதிலேயே இருக்குமே, நினைவிருக்கிறதா, கீழே வண்ணக் கட்டங்களோடு? அதில் நேர்க்கோடு போடும் கருவியை எடுத்து வீடு வீடாகப் போட்டுத் தள்ளுவாள். முகப்புப் படம் இல்லை, வீட்டு பிளான். அவள் அப்பா கடைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் நீலத் தாள்களை விரித்து விரித்துப் பார்த்தே வளர்ந்தவள். ஹால் இங்கே, சமையல் அறை தென்கிழக்கில், படி வெளியிலிருந்து, கிணறு இந்த மூலையில். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்கு ஒரு சின்ன வளைவு போடுவாள். பெரியவளானதும் இதைத்தான் செய்யப்போவதாகச் சொன்னாள். பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப் எடுத்து, அப்புறம் வீடு வரைகிற படிப்பு. அங்கிளுக்கும் அதில் அளவில்லாத சந்தோஷம். வீட்டுக்கு யார் வந்தாலும் அறைக்குள் கூட்டிப்போய், என் பொண்ணு போட்ட வூடு என்று காட்டுவார்.

ஒருநாள் எங்கள் வீட்டை வரைந்து வைத்திருந்தாள். அளவெல்லாம் ஏறக்குறையச் சரி. குளியலறையின் கோணல் சுவர்கூட இருந்தது. மேலே இல்லாத ஒரு மாடி இருந்தது. மாடியில் ஓர் அறை, இரண்டு ஜன்னல்.

“இது உன் ரூம்” என்றாள். “ஏரிக்காத்து வரும் பாரு.”

நன்றாக இருக்கிறது என்றேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. என் வீட்டில் எனக்கு ஓர் அறையை இவள் கட்டித் தருகிறாள், என் அப்பாவால் முடியாததை இவள் ஒரு மத்தியானத்தில் செய்துவிட்டாள் என்று தோன்றியது. அன்று அவள் மேல் எனக்கு இருந்ததற்குப் பொறாமை என்பது சின்ன வார்த்தை. அந்தப் பெட்டி பற்றி எரிந்தால்கூடப் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று நினைத்தேன்.

மே மாதக் கடைசியில் அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. மானிட்டரில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மணிக்கணக்கில் வரைந்தால் வராமல் என்ன செய்யும். கண்ணில் நீர் வழியும். ஆன்ட்டி முதலில் அதைக் கண் திருஷ்டி என்றுதான் சொன்னார். கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து ஊர்க்கண் எல்லாம் என் பிள்ளை மேல்தான் என்று, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் கமறவே இல்லை. பார்த்தியா எவ்ளோ திருஷ்டி என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அங்கிள் கடையிலிருந்து சாப்பிட வந்தவர், அறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். சட்டையில் சிமெண்டு தூசி. கைகழுவாமல் அப்படியே நின்றார்.

“இன்னா பாப்பா, இவளுக்கு டெய்லி தலவலி. இந்தப் பொட்டியால வருதா, வேற எதுனாவா? நீ படிச்ச வூட்டுப் புள்ள, சொல்லு.”

எனக்கு விடை தெரியும். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பஸ் நம்பர் தெரியாது, கரும்பலகை தெரியாது, அதெல்லாம் கம்ப்யூட்டர் வருவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள் அங்கிள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

“ஆமா அங்கிள், அதனாலதான். மானிட்டர்லேருந்து ஒரு கதிர் வருது. பதினெட்டு வயசுக்குள்ள பார்த்தா கண்ணு போயிடும்.”

“பேப்பர்ல போட்டுகீதா?”

“போட்டிருக்கு. என் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.”

கொண்டா பார்க்கலாம் என்றார். சாப்பிட்டுவிட்டு எடுத்துவருகிறேன் என்று வீட்டுக்கு ஓடினேன். சிவப்பு மையில் நாற்பத்து மூன்று என்று போட்டேன். நீல மையில், மற்ற டிப்ஸ் எந்த நடையில் இருக்குமோ அதே நடையில், ‘பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் கம்ப்யூட்டர் திரையின் கதிர்களைத் தொடர்ந்து பார்த்தால் கண்பார்வை படிப்படியாகக் குறையும்’ என்று எழுதினேன். படிப்படியாக என்ற வார்த்தையை யோசித்துச் சேர்த்தேன். அது சேர்ந்ததும் உண்மை மாதிரி ஆகிவிட்டது. மை காயும்வரை ஊதிக்கொண்டே தெருவைக் கடந்தேன்.

அங்கிள் நோட்டை வாங்கி மகளிடம் கொடுத்தார். சத்தமா படி என்றார். அவள்தான் படித்தாள். நோட்டை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் படித்தாள். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. இவ்வளவு நாள் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்பது போல ஒரு பார்வை.

அப்போதும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. சாயங்காலம் அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடமே கேட்டார். தினமும் செய்தித்தாளை டெண்டர் அறிவிப்பு வரை விடாமல் படிக்கிற அப்பா, இல்லையே, அப்படி எதுவும் வரவில்லையே என்று சொல்லிவிடுவார், மாட்டிக்கொண்டோம் என்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆமா, வந்திருந்தது. நான்கூடப் படிச்சேன்” என்றார்.

இன்றுவரை எனக்கு அது ஆச்சரியம். தெரியவில்லை என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொல்வதற்கு அவரால் முடியவில்லை. படிப்பு எங்கள் பங்கு அல்லவா, அதில் குறை வைக்கலாமா. அப்பா இறந்து பல வருஷம் ஆகிறது, அவரை நான் குறை சொல்லவில்லை. என் பொய்க்கு அவர் ஒரு கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அங்கிள் பெட்டியை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். என் வூட்ல இருந்தா இவ கை சும்மா இருக்காது சார், கடையில வெச்சா சிமெண்ட் தூசி, நீங்க பெரியவங்க, உங்க ஆபீஸ் வேலைக்காவது ஆவும் என்றார். அப்பா இரண்டு தடவை வேண்டாம் என்று சொன்னார், மூன்றாவது தடவை சொல்லவில்லை. மறுநாள் அதே மேஜை, அதே உறைகளோடு எங்கள் ஹாலுக்கு வந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடிப்போய் உறையைத் தூக்கினேன். அப்பா என் கையைப் பிடித்து இறக்கினார்.

“உனக்குப் பதினாலு வயசுதானே ஆகுது? நீயே எழுதி வெச்சிருக்கியே” என்றார்.

அந்த வருஷம் முழுக்க அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டையை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்து, ஆட்காட்டி விரலால் தெருவிளக்கு எரியாததைப் பற்றிப் பஞ்சாயத்துக்கு மனு தட்டுவார். பிரிண்டர் கிடையாது. தட்டி முடித்து, அதைப் பார்த்துக் கையால் தாளில் எழுதுவார். நான் ஹாலுக்கு வெளியே நின்று பார்ப்பேன், அதுவும் கண்ணுக்கு ஆகாது என்று கதவைச் சாத்தச் சொல்வார். எதிர்வீட்டுப் பெண் மேலிருந்த பொறாமை போய், பெற்ற அப்பா மேல் பொறாமைப்பட்டேன். ஒருமுறை துணிந்து, அந்த டிப்ஸ் தப்பா இருக்கலாம்பா என்று மெதுவாக ஆரம்பித்தேன். பேப்பர்ல வந்தது எப்படித் தப்பா இருக்கும், நானே படிச்சேனே என்றார்.

அவள் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த உறைக்கு எதிரேதான் உட்காருவாள். தொடமாட்டாள். ஒருமுறை மட்டும் கேட்டாள், உள்ளே அவள் போட்ட வீடெல்லாம் அப்படியே இருக்குமா என்று. இருக்கும் என்றேன். பதினெட்டு வயசானதும் எடுத்துக்கறேன் என்றாள்.

பத்தாவதில் கணக்கு டீச்சர் அவளைக் கண் டாக்டரிடம் காட்டச் சொல்லி வீட்டுக்கு எழுதி அனுப்பினார். ஆன்ட்டி பள்ளிக்கே வந்து விளக்கினார். அது கம்ப்யூட்டர் கதிரால் வந்தது, அதை நிறுத்திவிட்டோம், கண் தானாகச் சரியாகிவிடும் என்று. சாட்சிக்கு என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். நான் தலையாட்டினேன். கண்ணாடி போட்ட பெண்ணைக் கட்டிக்கொடுப்பது கஷ்டம் என்ற பயம் ஆன்ட்டிக்கு உள்ளூர இருந்தது, அதை வெளியில் சொல்லாமல் இருக்க என் டிப்ஸ் தோதாக அமைந்துவிட்டது. வாரத்தில் நாலு நாள் பொன்னாங்கண்ணிக் கீரை. மற்ற நாள் கேரட். அந்தக் கீரை வாசனை மத்தியானத்தில் தெரு தாண்டி எங்கள் வீட்டுக்கு வரும், எனக்கு இன்றைக்கும் அதைச் சமைக்கப் பிடிக்காது.

பத்தாவது ரிசல்ட்டில் அவளுக்குக் கணக்கில் சொற்ப மார்க். டீச்சர் என்னை வேறு வரிசைக்கு மாற்றியிருந்ததால் பார்த்து எழுத நோட்டும் இல்லாமல் போயிருந்தது. கம்ப்யூட்டர் குரூப் எனக்குக் கிடைத்தது. அவளுக்கு வரலாறு. இந்தப் பொண்ணுக்குப் படிப்புல நாட்டம் போயிடுச்சு என்று அங்கிளே எங்கள் வீட்டில் வந்து சொல்லி வருத்தப்பட்டார். அப்பா ஆறுதல் சொன்னார். நாங்கள் பிளஸ் டூ முடித்த கோடையில் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோய் ஆன் செய்து பார்த்தார்கள். ஆன் ஆகவில்லை. பழுது பார்க்க வந்தவர், இவ்வளவு பழசுக்குச் செலவு செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அவள் போட்ட வீடுகள் அத்தனையும், எங்கள் மாடி உள்பட, அதற்குள்ளேயே போய்விட்டன.

இருபது வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை சேலையூரிலேயே மாவு மில் வைத்திருப்பவர், நல்ல மனிதர். கல்யாணமான ஆறாம் மாதம் அவர்தான் கண் டாக்டரிடம் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். நான் படித்து, வேலைக்குப் போய், சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு வாங்கி, நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். கல்யாணம், காதுகுத்து என்று அவளைப் பார்ப்பேன். எப்போது பார்த்தாலும் சிரித்த முகமாக இருப்பாள். இவ்வளவுக்கும் பிறகு அவளிடம் ஒரு கசப்பும் இல்லை என்பதுகூட எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

போன மாதம் போன் செய்தாள். மகளுக்கு பி.காம் கிடைத்திருக்கிறது, லேப்டாப் வாங்க வேண்டும், நீ கூட வந்தால் தைரியமாக இருக்கும் என்றாள். தாம்பரத்தில் ஒரு கடைக்குப் போனோம். அவள், அவள் மகள், நான். விற்பனைப் பெண் இரண்டை எடுத்து வைத்தாள். இரண்டும் பட்ஜெட்டுக்குள் வந்தன, உள்ளே எல்லாம் ஒன்றுதான், ஒன்றுக்குப் பதினான்கு அங்குலத் திரை, இன்னொன்றுக்குப் பதினைந்தரைக்கு மேல். மகளுக்குப் பெரிய திரை பிடித்திருந்தது. அக்கவுண்ட்ஸ் பாடத்துக்கு நீளநீளமாகக் கட்டம் பார்க்க வேண்டியிருக்கும், நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்.

அதற்குள் என் தோழி சின்னதே போதும் என்றாள். திரை சின்னதாக இருந்தால் கதிர் கம்மியாக வரும் என்றாள். மகள் என்னைப் பார்த்து, வீட்ல போன்கூட அரை மணி நேரம்தான் ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்க என்றாள். விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம் என்றாள்.

“உனக்குத் தெரியாதும்மா” என்று என் தோழி அவளிடம் சொன்னாள். என் தோளில் கைவைத்தாள். “இவங்க அன்னிக்கு சொல்லலன்னா எனக்கு மொத்தமா பார்வை போயிருக்கும். இவங்க பேச்சக் கேட்டு எங்கப்பா நிறுத்தினதாலதான் இந்த அளவுக்காவது இருக்குது.”

முப்பது வருஷம். அவள் அதை நம்பி, தன் மகளையும் அதற்குள் வைத்து வளர்த்திருக்கிறாள். எனக்கு நன்றி வேறு சொல்கிறாள். மகளை, அந்தப் பக்கம் கீபோர்டு தட்டிப் பார் என்று அனுப்பிவிட்டுச் சொன்னேன்.

“அப்படி ஒரு கதிரும் கிடையாது. பேப்பர்ல வரவே இல்ல. நான்தான் எழுதினேன்.”

“எதுக்கு?”

“பொறாமை. நீ அந்தச் சேர்ல உட்கார்ந்திருந்ததை என்னால பார்க்க முடியல.”

விளையாடுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

“என் மேலயா?” என்றாள். “உங்க வூட்ல எல்லாரும் அவ்ளோ படிச்சவங்க. என் மேலயா பொறாமப்பட்ட?”

அவள் முகத்தில் கொஞ்ச நேரம், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு சந்தோஷம் மாதிரி இருந்தது. அப்புறம் அது போயிற்று. ஏதோ கணக்குப் போடுவது போல எதிரிலிருந்த திரைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்போ அன்னிக்கு எனக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுத்திருந்தா போதுமா?”

“போதும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுதாலும் பரவாயில்லை என்று காத்திருந்தேன். அவள் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். விற்பனைப் பெண்ணின் பக்கம் திரும்பி, பெரிய திரை உள்ளதையே எடுக்கச் சொன்னாள். பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்று கேட்டாள், வாரண்டி எத்தனை வருஷம், வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, எதைத் துணியால் துடைக்கலாம், எதைத் துடைக்கக் கூடாது என்று ஒன்றொன்றாகக் கேட்டாள். எல்லாம் நான் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள், அதற்காகத்தான் என்னைக் கூட்டிவந்திருந்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். என்னிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அந்த விற்பனைப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், அவள் சொல்வதற்கெல்லாம் என் தோழி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் மேல் எனக்கு அவ்வளவு பொறாமையாக இருந்தது.